பதினோரு பேருக்கும் நானே டிக் போட்டேன்

கண்ணு பாபு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அப்புறம் கேட்கிறேன். முதலில் ஒரு திருட்டுத்தனத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத எனக்குக் கை வராது. போன பொங்கலுக்கு வந்தபோது உன் காலேஜ் ஆராய்ச்சிக்கு என்று பன்னிரண்டு தாள் கொடுத்துவிட்டுப் போனாயே, "தெருவுல பன்னெண்டு பேருகிட்ட குடும்மா, அவங்களே படிச்சு டிக் போடட்டும், கேள்வி புரியுதான்னு மட்டும் பாக்கணும்" என்று சொல்லி. அதில் பதினொன்றுக்கு நானே டிக் போட்டேன். ஒரு ஆளிடமும் கேட்கவில்லை. அடுப்பில் பருப்பு வேகிற நேரத்துக்குள் பதினோரு பேரும் முடிந்துவிட்டார்கள். பன்னிரண்டாவதை உங்கப்பா எடுத்துக்கொண்டார். அவர் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. தறியில் நெய்த சேலையைக் கட்டையில் சுருட்டும்போது ஜரிகையோடு ஜரிகை உரசக்கூடாது என்று நடுவில் ஒரு காகிதம் வைப்பார், கைக்கு எது அகப்படுகிறதோ அது. கரண்ட் பில் அப்படிப் போயிருக்கிறது. உன் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் இருபது நாள் ஒரு மாம்பழக் கலர் சேலைக்குள் கிடந்தது, நீ ஊரெல்லாம் தேடினாய். உன் பன்னிரண்டாவது தாளும் அப்படித்தான் சுருண்டு போய், மாசி மாதம் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தபோது ஒரு கசங்கல் இல்லாமல் வெளியே வந்தது. அதை பீரோவில் வைத்தேன். பின்னால் அதற்கு வேலை வந்தது, சொல்கிறேன்.

எப்படிப் போட்டேன் என்பதையும் கேட்டுக்கொள், திட்டுவதாக இருந்தால் மொத்தமாகத் திட்டிவிடலாம். ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையோடு குடும்பமாக வாழ விரும்பினால், அவர் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருப்பதை ஏற்பீர்களா, உங்களோடு வேலை செய்வதை ஏற்பீர்களா, உங்கள் குடும்பத்தில் ஒருவராக இருந்தால் ஏற்பீர்களா என்று கேள்வி. பக்கத்தில் ஐந்து கட்டம். அறவே ஏற்கமாட்டேன் என்று ஒரு கோடியில் ஆரம்பித்து, நடுவில் சொல்ல முடியவில்லை என்று ஒன்று, அந்தக் கோடியில் முழு மனதுடன் ஏற்பேன். எதிர் வீட்டு சரோஜாக்காவுக்கு சிவப்புப் பேனாவில் போட்டேன், எல்லாத்துக்கும் அறவே மாட்டேன். அவள் வாசலில் காக்கா உட்கார்ந்தாலே ஏற்காதவள். பால்கார முனுசாமிக்குப் பென்சிலில் போட்டேன், அவனுக்கும் அறவே மாட்டேன். தெள்ளாரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த உன் மாமாவுக்கு ஸ்கேல் வைத்து நேராக டிக் போட்டேன், என் தம்பி ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன் இல்லையா. படித்தவன், மேடை ஏறினால் மனிதநேயம் என்று முக்கால் மணி நேரம் பேசுகிறவன், அவனுக்கு எல்லாமே முழு மனது. உங்கப்பாவுக்கு யோசிக்கவே இல்லை. பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்தி அறவே மாட்டேன். எனக்கு? நான் யார், பாபுவின் அம்மா. முழு மனதுடன் ஏற்பேன், மூன்று கேள்விக்கும். அந்தக் கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் இருந்திருந்தால் அதிலும் போட்டிருப்பேன்.

நீ அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்து போன் பண்ணினாய். "அம்மா, நல்லா வந்துருக்குன்னு சார் சொன்னாரு. ரொம்பவே நல்லா வந்துருக்குன்னாரு. ஒருத்தர்கூட எதிர்பாக்காத மாதிரி எதுவும் சொல்லலியாம்." உன் சார் சந்தேகப்பட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நான் பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லிகினு திரிந்தேன். உன்னையும் கிண்டல் பண்ணினேன். "இத்தக் கண்டுபிடிக்க ஒரு காலேஜ், அதுக்கு ஒரு ஹாஸ்டல், அதுக்கு ஒரு பஸ் பாஸ். சரோஜாக்கா இன்னா சொல்லுவான்னு என்னைக் கேட்டா நான் சொல்லப்போறேன். அடுத்தது இன்னாடா ஆராய்ச்சி, மழையில நனைஞ்சா ஈரமாவுமான்னா?" என்றேன். நீ கோபப்படவில்லை. நீ எப்போதும் இப்படித்தான், நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பாய். "சரிம்மா, அப்படிப்பட்டவங்களைக் கிட்டத்துல பார்த்துப் பழகினா வெறுப்பு கொறையுமா, ஏறுமா?" என்றாய். "குறையும், இதுகூடத் தெரியாதா" என்றேன். போனைச் சரோஜாக்காவிடம் கொடுக்கச் சொன்னாய். அவள் வாங்கி, "ஏறும்டா, கிட்டப் போனாதான நாத்தம் தெரியும், இதுகூடத் தெரியாதா" என்றாள். நீ அந்தப் பக்கம் சிரித்தாய். "ரெண்டு பேரும் இதுகூடத் தெரியாதான்றீங்க. ரெண்டும் எப்படிம்மா உண்மையாவும்? அதுக்குத்தான் போய்ப் பாக்குறது." எனக்குச் சுருக்கென்றது, ஆனால் விட்டுக்கொடுப்பேனா. நம் தெருவில் ரெண்டும் உண்மையாகும் என்று சொல்லி போனை வைத்தேன்.

இன்னொரு தடவை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஒன்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? எவன் ரொம்பக் கத்துகிறானோ அவனுக்கு உள்ளே அதே ஆசை இருக்கும், அதனால்தான் கத்துகிறான் என்று. அதற்கும் நீ, "இருக்கலாம்மா, இல்லாமயும் இருக்கலாம், சும்மா ஒருத்தர் மேல அப்படிச் சொல்லிடக்கூடாது" என்றாய். நான் அப்புறம் வீட்டிலேயே யோசித்துப் பார்த்தேன். சரோஜாக்கா ஒரு சீரியலை மூன்று வருஷமாகக் கண்டபடி திட்டுகிறாள், ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள். சரி, நான் சொன்னது சரி. உங்கப்பா பாகற்காயைத் திட்டுகிறார். அவருக்கு உள்ளுக்குள் ஆசை இருக்குமோ என்று ஒரு வாரம் தினமும் பாகற்காய் போட்டேன். ஒன்றுமில்லை, அவருக்கு நெசமாகவே பாகற்காய் பிடிக்காது. ஏழாம் நாள் ஓட்டலுக்குப் போய்விட்டார். ஆகக் கத்துகிறவர்களில் ரெண்டு ஜாதி இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் சத்தம் ஒரே மாதிரி. நீ படிக்கிற படிப்பு எதற்கென்று எனக்கு அந்தப் பாகற்காயில்தான் கொஞ்சம் பிடிபட்டது.

இதை எழுதும்போது இன்னொரு பழைய தப்பும் ஞாபகம் வருகிறது. இது உனக்குத் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், தூரமான மூன்று நாள் தறிப் பக்கம் வரக்கூடாது என்பது சட்டம். வந்தால் இழை அறுந்துகொண்டே இருக்குமாம். தெரு முழுக்க அப்படித்தான் சொல்வார்கள், யாரும் சந்தேகப்பட்டதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்காதே. ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் வழக்கம் போல உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளினேன். ஒரு இழை அறுந்தால் ஒரு புளியங்கொட்டையைப் பவுடர் டப்பாவில் போட்டேன். மூன்று நாள். அடுத்த வாரம், சாதாரண மூன்று நாள், இன்னொரு டப்பா. ரெண்டையும் கொட்டி எண்ணினால் சாதாரண நாள் டப்பாவில் ரெண்டு கொட்டை கூட இருந்தது. இதைத்தான் நீ காலேஜில் செய்கிறாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேள். ஊரைக் கூட்டிச் சொன்னேனா? கொட்டையை எல்லாம் கொல்லையில் வீசிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அந்த மூன்று நாள் லீவும் போய்விடும் பார். மாதத்துக்கு மூன்று நாள் காலை நீட்டிப் படுக்க வேறு யார் விடுவார்கள் எனக்கு? பதினெட்டு வருஷம் அந்த லீவை அனுபவித்தேன். நான் கொட்டை எண்ணின ஆறு மாதத்திலேயே பக்கத்துத் தெருவில் ஒரு பெண், பாவம், தூரத்தைச் சொல்லாமல் தறியில் உட்கார்ந்தாள் என்று மாமியாரிடம் அடி வாங்கினாள். அவள் அழுதபோது நான் வேடிக்கை பார்த்தவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ரெண்டு டப்பா கணக்கு இருந்தது, நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் நீ ஒரு நாள் தனியாக வந்து, மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாய். உன் ரூமில் கூட இருக்கிற தினேஷ் வெறும் சிநேகிதன் இல்லை, உனக்குப் பெண்கள் மேல் நாட்டம் கிடையாது, இருந்தால் அவனோடுதான் வாழ்வாய் என்று. நான் மடித்த பாவாடையையே மூன்று தடவை மடித்தேன். தெருவில் பதினோரு பேர் மனதில் இருப்பதைப் பருப்பு வேகிற நேரத்தில் எழுதினவளுக்கு, தன் வயிற்றில் பிறந்தவன் மனதில் இருபத்தாறு வருஷமாக என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. "சரி கண்ணு" என்றேன். நான் தாளில் போட்ட டிக் எல்லாம் அப்படியே இருக்கிறது, அம்மா முழு மனது பார்ட்டி, அழவில்லை, கத்தவில்லை. நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆடியில் நீங்கள் ரெண்டு பேரும் ஒரு நாள் வந்தீர்கள். பொங்கலுக்கு அவன் உன்னோடு வந்தபோது நான் எப்படி இருந்தேன், நினைத்துப் பார். "டேய் ஒல்லி, சும்மா நிக்காத, ரெண்டு கையையும் நீட்டு" என்று பட்டு நூல் சுருளை அவன் கையில் மாட்டிவிட்டு முக்கால் மணி நேரம் சுற்றினேன், மூக்கு அரித்தாலும் சொறிய விடாமல். தேங்காய் துருவ வைத்தேன். அவன் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்றேன். ஆடியில் அவன் வந்ததும் என்ன செய்தேன்? சேர் போட்டேன். கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னேன். தட்டில் பிஸ்கட்டை வட்டமாக அடுக்கி, "சாப்பிடுங்க தம்பி" என்று வைத்தேன், ஜாதகம் பார்க்க வந்தவர்களுக்கு வைப்பது மாதிரி. அவன் தறிப் பக்கம் எழுந்து போனபோது, "நீங்க எதுக்குத் தம்பி, உக்காருங்க" என்றேன். எல்லாம் மரியாதையாகத்தான் செய்தேன், ஒரு குறை சொல்ல முடியாது. திரும்பிப் போகிற பஸ்ஸில் அவன் உன்னிடம் கேட்டானாமே, "உங்கம்மா இந்த வாட்டி என்கிட்ட ஏன்டா வேலை வாங்கல?" என்று. நீ அதை என்னிடம் சொன்னபோது நான் சாக்கு தேடினேன், வெயிலாக இருந்தது, பாவம் களைத்து வந்தான் என்று. எனக்கே தெரியும். தாளில் டிக் போடும்போது கை ஒன்று சொன்னது, பிஸ்கட் அடுக்கும்போது வேறு ஒன்று சொன்னது. ரெண்டும் என் கைதான்.

போன வாரம் போனில் நீ கேட்டாய். "கீதா கல்யாணத்துக்கு நான் மட்டும் வரவாம்மா, ரெண்டு பேரும் வரவா? அப்பாகிட்டயும் சொல்லிடணும். நீ நெஜத்தைச் சொல்லு, ஃபார்ம்ல எழுதற மாதிரி சொல்லாத. ரெண்டு பேரும் வேணாம்னா நான் முகூர்த்தத்துக்கு மட்டும் தலையைக் காட்டிட்டுப் போயிடறேன்." ஒரே தங்கச்சி கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து போவேன் என்கிறாய். "ஹலோ, ஹலோ, டவர் இல்ல கண்ணு" என்று வைத்துவிட்டேன். டவர் நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, நான் அதற்குக் கீழே நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பீரோவிலிருந்து அந்தப் பன்னிரண்டாவது தாளை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு வந்தேன். இந்த முறை கேட்டே தீருவது என்று முடிவு. உன் பெயரையும் சொல்லக்கூடாது, தினேஷ் பெயரையும் சொல்லக்கூடாது, காலேஜ் கேட்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் சரோஜாக்கா. கேள்வியைப் படித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிகினே, "ரெண்டு ஆம்பளையா? பக்கத்து வூட்லயா?" என்றாள். "ஆமாக்கா." "தண்ணி மோட்டாரை யார் முதல்ல போடறதுன்னு சண்டைக்கு வருவாங்களா?" "அதெல்லாம் தாள்ல இல்லக்கா." "அதான்டி முக்கியம். இப்போ கீறவன் பொண்டாட்டி புள்ளையோடதான் கீறான், இன்னா பிரயோஜனம், தெனமும் காலையில பேஜார். மோட்டாருக்கு சண்டை போடாதவன்னா எவன் வந்தாலும் வரட்டும், நான் ஏன் வாணான்றேன்." ஏற்பேன் என்கிற கட்டத்தைக் காட்டி அதில் போடு என்றாள். நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலத்தில் போட்டேன். ஆனால் குடும்பத்தில் ஒருவராக இருந்தால் என்றதும் அரிசி முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அது வேற கேள்விடி" என்றாள். அந்தத் தாள் பாதி காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்து உன் மாமா. கல்யாணப் பத்திரிகை வாங்கிப் போக வந்திருந்தான். கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான், மேடை என்று நினைத்துக்கொண்டான் போல. "அக்கா, காலம் மாறிடுச்சு, மனுசனை மனுசனா பாக்கணும்" என்று ஆரம்பித்து, ரெண்டு தரம் தண்ணீர் குடித்து முடித்தான். "சரிடா, எந்தக் கட்டம்?" என்றேன். "பொதுவா முழு மனசு. பக்கத்து வூட்லன்னா... அக்கா, வயசுப் பசங்க இருக்கற எடம். நம்ம தெருவுல வேணாம், வேற தெருவுல முழு மனசு" என்றான். வேற தெரு என்று கட்டம் இல்லையே என்றேன். காலேஜில் தாளைச் சரியாக அடிக்கவில்லை என்று உன் சாரைத் திட்டினான். பால்கார முனுசாமியிடம் கேட்டேன். நான் பொங்கலில் எழுதினது எதுவோ அதையே ஒரு எழுத்து மாறாமல் சொன்னான், அறவே மாட்டேன், மூன்றுக்கும். சொல்லிவிட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். நான் கோபப்பட வேண்டிய இடம், பாபு, ஆனால் சத்தியமாக முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஒருத்தனையாவது சரியாகக் கணித்திருக்கிறேனே என்று. கோபம் அடுத்த நாள்தான் வந்தது. பாலை நிறுத்திவிட்டேன், பாக்கெட் பால் வாங்குகிறோம், காபி நன்றாக இல்லை.

கடைசியில் உங்கப்பா. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பதினோரு தாளிலும் நான் யோசிக்காமல் போட்டது அவருக்குத்தான், கேட்கப் பயந்ததும் அவரைத்தான். கீதாவின் முகூர்த்தச் சேலை தறியில் ஓடிக்கொண்டிருந்தது, அரக்குக் கலர், நீ போட்டோவில் பார்த்தாயே. காலை பதினோரு மணி வாக்கில், அவர் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருக்கும்போது போய் நின்றேன். "பாபு காலேஜுலேர்ந்து கேள்வி வந்துருக்குது, பதில் சொல்லணுமாம்" என்றேன். "படி" என்றார், மிதியை நிறுத்தாமல். முதல் கேள்வியைப் படித்தேன். நிறுத்தாமலே கேட்டார், "பக்கத்து வூடுன்னா எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா?"

"மேற்காலன்னா அவங்களுக்குத் தறிச் சத்தம் நேரா போய் மோதும். தூங்க முடியாது. நம்மளை அவங்க ஏத்துப்பாங்களான்னு எவனாவது கேட்டானா?"

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்படி ஒரு கேள்வி இல்லை. "கெழக்கால வெச்சுக்கோங்க" என்றேன். "கெழக்காலன்னா இருக்கட்டும்" என்றார். ரெண்டாவது கேள்விக்கு, கூட வேலை செய்கிறவன் கை சுத்தமாக இருக்கிறானா, இழை முடிச்சு போடத் தெரியுமா, அது போதும் என்றார். மூன்றாவதைப் படித்தேன். குடும்பத்தில் ஒருவர் அப்படி இருந்தால். நாடா ரெண்டு தடவை போய் வந்தது. அப்புறம் தறி நின்றது. அவர் குழியிலிருந்து ஏறிப் போய் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். முகத்தைத் துடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் தறியில் பூட்டின பாவு நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காலேஜ் கேக்குதா, பையன் கேக்கறானா?"

"காலேஜ்" என்றேன்.

"காலேஜுன்னா சொல்ல முடியலன்னு போடு."

"பையன்னா?"

"பையன் கேட்டா அவன்கிட்ட நேர்ல சொல்லிக்கிறேன். வரச் சொல்லு."

அவ்வளவுதான். "குடு, நானே போடறேன்" என்று தாளையும் பேனாவையும் வாங்கி மூன்றாவது கேள்விக்கு அவரே டிக் போட்டார், பொறுமையாக, ஜரிகை எண்ணுகிற மாதிரி. அவருக்குத் தெரிந்து கேட்டாரா, சந்தேகத்தில் கேட்டாரா, ஒன்றும் தெரியாமல் கேட்டாரா, எனக்குத் தெரியாது. நேரில் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. இதை எழுத எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று நீ தெரிந்துகொண்டால் போதும். பொங்கலில் டிக் போட்டாளே உன் அம்மா, அவளாக இருந்திருந்தால், நிச்சயம் கத்துவார், வராதே என்று எழுதியிருப்பாள். இல்லாவிட்டால் சினிமா மாதிரி, கட்டிப்பிடித்துக்கொள்வார், தைரியமாக வா என்று எழுதியிருப்பாள். அவளிடம் நான் இனி எந்தத் தாளும் கொடுப்பதாக இல்லை.

அதனால் பதில் இதுதான், டவர் நன்றாக இருக்கிறது, கேட்டுக்கொள். ரெண்டு பேரும் வாருங்கள். முகூர்த்தத்துக்கு இல்லை, பத்து நாள் முன்னாலேயே. வந்த அன்றைக்கு நீ அப்பாவிடம் கேள், அவர் சொல்லட்டும். நான் தறியறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் நல்லதாகச் சொன்னால் சரி. கத்தினால், அன்றைக்கு நான் அந்தப் பெண் அடி வாங்கினபோது நின்ற மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். இது டிக் இல்லை, நீ வந்துதான் சரிபார்க்க வேண்டும். உன் மாமா வந்து மைக் பிடித்தால் வேற தெருவுக்கு அனுப்பிவிடலாம். கீதாவிடம் நீ எப்போதோ சொல்லிவிட்டாய் என்று அவளே நேற்று சொன்னாள், கல்லுளிமங்கி, மாப்பிள்ளை வீட்டார் தேசூரிலிருந்து வரும்போது பந்தியில் பரிமாற ஆள் பத்தாது, தினேஷண்ணன் வந்தே ஆகணும் என்கிறாள்.

அந்த ஒல்லியிடம் சொல், சேர் கிடையாது, கலர் கிடையாது. நூறு தேங்காய் உரிக்க வேண்டும், வாழை மரம் கட்ட வேண்டும், மீதி நேரத்தில் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார வேண்டும். எனக்கு முதல் ரெண்டு நாள் கை கொஞ்சம் தடுமாறும், பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும். அவன் கண்டுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவனே என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துவிடட்டும், நான் பழைய வாயைத் திறந்துவிடுவேன். பழைய பதினோரு தாளையும் உன் சாரிடம் சொல்லிக் கிழித்துவிடு. புதிது நாலைந்துதான் தேறும், பாதி காலி, ஆனால் அவர்கள் சொன்னது.

உங்கப்பாவின் தாளைக் கூட வைத்து அனுப்ப முடியவில்லை. டிக் போட்டவர் மை காயட்டும் என்று மடியில் இருந்த சேலை மேலேயே வைத்திருக்கிறார். அப்புறம் நான் டீ கொண்டுவரப் போன நேரத்தில் நெய்த வரைக்கும் கட்டையில் சுருட்டியிருக்கிறார், நடுவில் வைக்க ஒரு காகிதம் வேண்டியிருந்திருக்கிறது. சேலையை நேற்றுதான் அறுத்து எடுத்தோம். தாள் கசங்கவில்லை. மூன்றாவது கேள்வியின் டிக் மட்டும் அதில் இல்லை. கீதாவின் முகூர்த்தச் சேலையில், இடுப்பில் செருகுகிற தலைப்பிலிருந்து மூன்று முழம் தள்ளி, உள்பக்கம், ஒரு டிக் இருக்கிறது. கொசுவத்தில் போய்விடும் என்கிறார் உங்கப்பா.